குழாய்க் கிணறு இறக்கும் முன் மட்டம் பாருங்கள்

கோடை தொடங்கினால் எங்கள் பக்கத்தில் குழாய்க் கிணறு அடிக்கும் இயந்திரங்களின் இரைச்சலும் தொடங்கிவிடும். சில கிழமைகள் கழித்து எனக்கு அழைப்புகள் வரும். "பக்கத்து வளவில் துளை போட்டார்கள், எங்கள் சுவர் வெடித்துவிட்டது. வந்து அளந்து, அதனால்தான் என்று எழுதித் தாருங்கள்." மட்டக்களப்பில் நில அளவைத் தொழில் செய்கிற நான் இவர்களிடம் முதலில் கேட்பது, துளையிடுவதற்கு முன் அளவு ஏதும் எடுத்தீர்களா என்பதைத்தான். எடுத்தவர்கள் அரிது. மட்டக் கருவி இன்று நிலம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்லும். போன மாதம் எங்கே இருந்தது என்று சொல்லாது. முன்னளவு இல்லாத இடத்தில் என் அறிக்கைக்கும் அயலவர் வாய்ச்சண்டைக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

துளையிடுவது நிலத்தை என்ன செய்யும் என்பது எங்கே துளைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் மேல்மண்ணுக்குக் கீழே கடினப் பாறை. அங்கே காற்றழுத்தச் சம்மட்டியால் அடிக்கும்போது சன்னல்கள் கூட அதிரும்; சனம் பயப்படுவது நியாயம். ஆனாலும் தூரம் கூடக் கூட அதிர்வு விரைவாகத் தேய்ந்துவிடும். அத்திவாரம் விநாடிக்கு எத்தனை மில்லிமீற்றர் வேகத்தில் ஆடுகிறது என்பதே இதற்கான அளவு. ஜேர்மன் நியமம் ஒன்று, சாதாரண குடியிருப்பு வீடுகளுக்குத் தாழ்ந்த அதிர்வெண்களில் விநாடிக்கு 5 மில்லிமீற்றரை வழிகாட்டு எல்லையாக வைத்திருக்கிறது. அதிர்வுமானி வைத்து ஒரு பகல் அளந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எனக்குக் கவலை தருவது வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைதான். கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, தெற்கே கல்முனை என்று கடலோரமாக நீளும் மணல் நிலம் அது. இங்கே துளையிடும் நாளைவிட அதற்குப் பிந்திய மாதங்களே ஆபத்தானவை. நிலத்தடியில் தண்ணீரை உள்ளே விடும் வடிகுழாயின் துவாரங்கள் மணலின் பருமனுக்குப் பொருந்தவில்லை என்றாலோ, குழாயைச் சுற்றிச் சல்லி சரியாக இடப்படவில்லை என்றாலோ, பம்பி தண்ணீரோடு மணலையும் இழுக்கும். வெள்ளை வாளி ஒன்றில் 20 லீற்றர் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான மணல் படிந்தால்கூட அதைச் சின்ன விடயம் என்று விட்டுவிடாதீர்கள். கச்சான் அல்லது வெங்காயத் தோட்டத்துக்கு நாளொன்றுக்கு 20,000 லீற்றர் இறைத்தால் ஒரு நாளில் 5 கிலோ. 100 நாளில் 500 கிலோ. ஏறத்தாழ மூன்றில் ஒரு கனமீற்றர் மணல் குழாயைச் சுற்றியுள்ள நிலத்தடியிலிருந்து வெளியேறியிருக்கும். ஒரு நாள் குழாயடிச் சீமெந்துத் தளம் கீழே வெறுமையாகி உடையும். அருகில் மதில் இருந்தால் அதுவும் சாயும்.

இனி அளக்கும் முறை. முதல் வேலை, அசையாத ஓர் ஆதாரப் புள்ளியைத் தேடுவது. குழாய்க் கிணற்றிலிருந்து நூறு மீற்றராவது தள்ளி, பழைய மதகின் கொங்கிறீட் விளிம்பு போன்ற ஒன்று நல்லது. அதே வளவின் மதில் உதவாது. நிலத்தோடு சேர்ந்து அதுவும் இறங்கினால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் கணக்கு பொய் சொல்லும். பிறகு வீட்டின் நான்கு மூலைகளிலும் அத்திவார மட்டத்தில் ஆணி பதித்து, துளையிலிருந்து 5, 10, 20 மீற்றர் தூரங்களில் கொங்கிறீட் முளைகளும் இடுவேன். அளந்துகொண்டு போய், புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்து கணக்கை முடிக்க வேண்டும். திரும்பி வரும்போது இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் பிசகினால் முழுவதையும் மறுபடி அளப்பேன். இந்த வேலைக்கு விடியற்காலைதான் ஏற்றது. வெயில் ஏறிய மணலில் கானல் எழுந்தால் புள்ளியில் நிறுத்திய மட்டக்கோலின், அதாவது அளவு குறித்த கோலின், இலக்கங்கள் கருவிக்குள் நெளியும். மில்லிமீற்றர் வாசிக்கவே முடியாது.

துளையிடுவதற்கு முன் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை, பிறகு மாரிக்கு முன்னும் பின்னும் அளந்தால் போதும். வீடு முழுவதும் ஒரே அளவாக இறங்கினால் சுவர் வெடிக்காது. ஒரு மூலை மற்றதைவிட எவ்வளவு கூடுதலாக இறங்கியது என்பதே கேள்வி. நீளத்தில் 300இல் ஒரு பங்கு வேறுபாடு வந்தால் சுவரில் வெடிப்பை எதிர்பார்க்கலாம். 6 மீற்றர் சுவருக்கு அது 20 மில்லிமீற்றர். ஏற்கெனவே உள்ள வெடிப்புகளுக்குக் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி, அடிமட்டத்தோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

எல்லாப் பழியையும் துளையின் தலையில் போடவும் கூடாது. வாவிக்கரையில் மண் போட்டு நிரப்பிய காணிகள் தம் பாரத்தாலேயே ஆண்டுக்கணக்கில் அமர்ந்துகொண்டிருக்கும். வயலோரக் களிமண் கோடையில் சுருங்கும், மாரியில் ஊதும். அதோடு வீட்டின் வெடிப்பும் திறந்து மூடும். வெள்ளத்துக்கு, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வாவி நீர் இறங்க, கரையோரக் கிணறுகளும் இறங்கும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பம்பியைக் குற்றம் சொல்கிறவர்கள் உண்டு. ஆதாரப் புள்ளியும் பருவந்தோறும் எடுத்த அளவும் இருந்தால்தான் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியும்.

ஜேர்மனியின் ஸ்டௌஃபென் நகரில் 2007இல் புவிவெப்பத்துக்காக 140 மீற்றர் ஆழத்துக்குத் துளைகள் போட்டார்கள். நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட் என்ற கனிமப் படைக்குள் புகுந்து அதை ஊதச் செய்தது. இறங்கும் என்று பலரும் நினைக்கிற நிலம் அங்கே மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வீதம் மேலெழுந்து, 200க்கும் மேற்பட்ட கட்டடங்களை வெடிக்க வைத்தது. எங்கள் பாறையில் அப்படி ஊதும் படை கிடையாது. ஆனால் இலங்கையிலேயே, 2014 இறுதியில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டபின் பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றி, வீடுகள் வெடித்ததை மறந்துவிட முடியாது.

செய்மதியால் அளக்கலாமே என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். 2014இல் ஏவப்பட்ட சென்டினல்-1 செய்மதியின் ராடார் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன; நகரளவில் நிலம் இறங்குவதை அவை மில்லிமீற்றர் கணக்கில் காட்டும். தென்னந்தோப்பிலும் வயலிலும் அந்தச் சமிக்ஞை குழம்பிவிடும். ஒரு வளவுத் தகராறைத் தீர்க்க மட்டக்கோல்தான் வேண்டும்.

துளையிடப் போகிறவருக்கும் ஒரு சொல். முன்னளவு எடுப்பதால் முதலில் காப்பாற்றப்படுபவர் நீங்கள்தான். அளவுத் தாளில் நீங்களும் அயலவரும் கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்; இயந்திரம் வளவுக்குள் வருவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.