எந்தச் சத்தத்தை அடக்குவது? வீடியோ கேம் ஒலி இயங்கும் விதம்

1993-ல் வெளியான டூம் விளையாட்டில் பிஎஃப்ஜி 9000 என்றொரு ஆயுதம் உண்டு. பொத்தானை அழுத்தியதும் சுடாது. முக்கால் நொடிக்குச் சற்று கூடுதலாக உறுமி, சூடேறி, அதன் பிறகுதான் பச்சைப் பந்தைக் கக்கும். நெட்வொர்க்கில் ஒருவரையொருவர் வேட்டையாடும் ஆட்டத்தில் அந்த உறுமலே எதிராளியை உஷார்ப்படுத்திவிடும். ஆட்டக்காரர்கள் இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். பிஎஃப்ஜியை அழுத்திய கையோடு, பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி கதவு திறக்கும் பொத்தானையும் தட்டுவார்கள். அங்கே கதவு இல்லாததால் கதாபாத்திரம் 'உம்ப்' என்று முனகும். முனகிய நொடியில் ஆயுதத்தின் உறுமல் அறுந்துபோகும். குண்டு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும்.

டூமின் ஒலி அமைப்பு வைத்திருந்த ஒரு விதிதான் இதற்குக் காரணம். ஒரு கதாபாத்திரத்திடமிருந்து ஒரு நேரத்தில் ஒரு சத்தம்தான் வரலாம். அடுத்தது வந்தால் முந்தையது அந்த இடத்திலேயே நின்றுவிடும். உறுமலும் முனகலும் ஒரே ஆளின் கணக்கில் இருந்ததால், பின்னால் வந்த முனகல் ஜெயித்தது. மொத்தமாக எத்தனை சத்தங்களை ஒரே நேரத்தில் கலக்கலாம் என்பதற்கும் வரம்பு இருந்தது. ஆட்டக்காரரே அதை அமைப்புத் திரையில் தேர்ந்தெடுக்கலாம், 8 வரை. இடம் நிரம்பிய பிறகு புதிதாக ஒன்று வந்தால், முக்கியத்துவம் குறைந்த ஒன்றை வெளியேற்றிவிட்டு அது உட்காரும். ஏற்கெனவே ஒலிப்பவை எல்லாம் அதைவிட முக்கியமானவை என்றால் புதியது ஒலிக்காமலே போகும். தொலைவுக்கும் ஒரு கோடு கிழித்திருந்தார்கள்: பொதுவாக 1200 அலகுக்கு அப்பால் நடப்பது எதுவும் காதில் விழாது. வீரரின் உயரம் 56 அலகு என்று வைத்துக்கொண்டால் அது எவ்வளவு தூரம் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கேமில் சத்தத்தை நிர்வகிப்பதில் பெரும்பகுதி இன்றும் இப்படி அடக்கும் வேலைதான். சினிமாவுக்கு ஒலி சேர்ப்பவருக்கு எந்த நொடியில் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியும். கேமில் ஆட்டக்காரர் எப்போது எங்கே நிற்பார், ஒரு குண்டு போடுவாரா பத்துக் குண்டு போடுவாரா என்று யாருக்கும் தெரியாது. அதனால் கலவையைச் செய்து வைக்க முடியாது. கலப்பதற்கான விதிகளைத்தான் எழுதி வைக்க முடியும்.

தொடக்க காலத்தில் விதிக்கெல்லாம் அவசியமே இல்லை. 1972-ல் அடாரிக்காக பாங் விளையாட்டை வடிவமைத்த ஆலன் ஆல்கார்னிடம், கூட்டம் ஆரவாரிக்கும் சத்தம் வேண்டும் என்று கேட்டார் நிறுவனர் நோலன் புஷ்னல். அதற்கான பாகங்கள் கைவசம் இல்லை. திரையை ஒழுங்குபடுத்தும் சுற்றில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அதிர்வுகளிலிருந்து சிலவற்றை எடுத்து ஒலிபெருக்கியில் விட்டார் ஆல்கார்ன். அதுதான் அந்தப் பிரபலமான 'பிளிப்'. 1983-ல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமில் ஐந்து சேனல்கள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஐந்து தனித் தடங்கள் இருந்தன: இரண்டு பல்ஸ் (செவ்வக அலை), ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், பதிவு செய்த ஒலிக்கு ஒன்று. இசையும் சவுண்ட் எஃபெக்டும் இந்த ஐந்தையே பங்குபோட வேண்டும். அந்தக் கால கேம் ஒன்றைக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். நாயகன் தாவும்போதோ அடி வாங்கும்போதோ பின்னணி இசையில் ஒரு இழை காணாமல் போய், எஃபெக்ட் முடிந்ததும் திரும்பி வரும். இடைப்பட்ட நேரத்திலும் இசை தன் கணக்கில் ஓடிக்கொண்டே இருப்பதால் தாளம் தப்பாது.

இன்றைய கேம்களில் சேனல் பஞ்சம் இல்லை. ஆனால் காதுக்கு அதே பழைய வரம்புதான்.

இப்போது நடப்பது இப்படி. கேமின் நிரல் எந்த ஒலிக் கோப்பையும் நேராக அழைப்பதில்லை. 'இன்னார் கால் வைத்தார், மரத்தரை, இந்த இடம், இந்த வேகம்' என்று ஒரு சேதியை மட்டும் ஒலி அமைப்புக்கு அனுப்பும். எந்தக் கோப்பு, எவ்வளவு சத்தம், எந்தச் சுருதி என்பதெல்லாம் அந்தப் பக்கம் முடிவாகும். எஃப்மாட், வைஸ் போன்ற மென்பொருள்கள் இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நிரலாளரைத் தொந்தரவு செய்யாமல் ஒலி வடிவமைப்பாளர் தன் விதிகளை மாற்றிக்கொள்ளலாம் என்பதே இவற்றின் பெரிய சௌகரியம்.

காலடி ஓசையையே எடுத்துக்கொள்வோம். மரத்தரைக்கு ஒரே பதிவை வைத்தால் பத்தடி நடப்பதற்குள் எரிச்சல் வந்துவிடும். இயற்கையில் எந்த இரண்டு காலடியும் அச்சு அசலாக ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. ஒன்றுபோல் வந்தால் காது உடனே பிடித்துவிடும். எனவே ஐந்தாறு பதிவுகளை வைத்து, சற்று முன் ஒலித்ததை விட்டுவிட்டு மற்றவற்றில் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். அதோடு வேகத்தையும் கொஞ்சம் கூட்டிக் குறைப்பார்கள். ஒரு பதிவை சுமார் 6 சதவீதம் வேகமாக ஓட்டினால் சுருதி அரைச் சுரம் ஏறும்; இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி ஏறிவிடும். காலடிக்கு அரைச் சுரம் முன்னே பின்னே போதும். அதற்கு மேல் போனால் நடப்பது ஒருவரா, ஒரு குடும்பமா என்று சந்தேகம் வரும்.

இனி, சிக்கல் எங்கே வெடிக்கிறது என்று பார்க்கலாம். ஷாட்கன்னால் ஒரு சுவரைச் சுடுகிறீர்கள். ஒரு தோட்டாவில் 8 குண்டுகள். எட்டும் ஒரே ஃபிரேமில், அதாவது திரையில் ஒரு படம் மாறும் நேரத்துக்குள், சுவரில் படுகின்றன. 'சுவரில் குண்டு பட்டது' என்ற சேதி எட்டு முறை போகிறது. எட்டுக்கும் ஒரே கோப்பு ஒரே கணத்தில் தொடங்கினால், அலைகள் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக அடுக்கி வீச்சு 8 மடங்காகும். டெசிபல் கணக்கில் 18 கூடுதல். ஒரு குண்டு படும் சத்தத்தைப் பதமாகச் சரிசெய்து வைத்தவருக்கு இப்போது பீரங்கி கேட்கும். கணினி ஒலி அலையை நொடிக்குப் பல ஆயிரம் எண்களாக வைத்திருக்கும்; ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள். 16 பிட் ஒலியில் ஒரு சாம்பிளின் உச்ச அளவு 32,767. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் அலையின் தலை தட்டையாகச் சீவப்பட்டு, கரகரவென்று உடையும். சரி, ஒவ்வொன்றையும் சில மில்லிநொடி தள்ளித் தொடங்கலாமே என்றால் அதிலும் வில்லங்கம். ஒரே ஒலியின் பிரதிகள் சற்றுத் தள்ளிச் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் உலோகத்தனமாகக் கேட்கும்.

தீர்வு முரட்டுத்தனமானது: எட்டில் ஆறைத் தூக்கி எறிவது. ஒரே வகைச் சத்தம் குறிப்பிட்ட மில்லிநொடிக்குள் இத்தனை முறைதான் வரலாம் என்று வரம்பு வைப்பார்கள். மிச்சச் சேதிகள் ஓசையின்றிக் கைவிடப்படும். எட்டுக் குண்டுக்கு இரண்டே சத்தம் கேட்டதை இதுவரை எந்த ஆட்டக்காரரும் எண்ணிப் பார்த்துப் புகார் செய்ததாகத் தெரியவில்லை!

தொலைவில் இருப்பவற்றுக்கு வேறு உபாயம். அருவி ஒன்று எங்கோ விழுந்துகொண்டிருக்கிறது. கேட்கும் தூரத்தில் நீங்கள் இல்லை. அதை நிறுத்திவிட்டு, நீங்கள் நெருங்கும்போது முதலிலிருந்து தொடங்கலாம். வானொலியில் பாட்டு ஓடும் அறை என்றால் அது அபத்தமாகிவிடும்: ஒவ்வொரு முறை கதவருகே வரும்போதும் பல்லவி! அதனால் ஒலியைக் கலக்காமல், அது எந்த நொடியில் இருக்கும் என்ற கணக்கை மட்டும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். நெருங்கியதும் சரியான இடத்திலிருந்து ஒலி எழும்.

திசையும் தூரமும் இயற்பியல் பாடத்தில் படித்தவைதான். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். பக்கவாட்டிலிருந்து வரும் சத்தம் ஒரு காதைவிட மற்றக் காதுக்கு அதிகபட்சம் 0.6, 0.7 மில்லிநொடி தாமதமாக வரும். மூளைக்கு அந்த இடைவெளியே போதும். தாழ்ந்த சுருதிக்கு இந்தக் கால வேறுபாடும், உயர்ந்த சுருதிக்குத் தலை மறைப்பதால் வரும் ஒலி வேறுபாடும் உதவுகின்றன என்று பிரிட்டன் இயற்பியலாளர் ரேலி பிரபு 1907-லேயே விளக்கிவிட்டார். ஹெட்போனில் இதை அப்படியே போலி செய்யலாம். சுவருக்குப் பின்னால் இருப்பதைக் காட்ட உயர்ந்த சுருதிகளை வடிகட்டினால் மந்தமாகிவிடும். ஆனால் இயற்பியலை எல்லா இடத்திலும் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். 343 மீட்டருக்கு அப்பால் வெடிப்பது ஒரு நொடி கழித்துத்தான் கேட்க வேண்டும். பல கேம்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதில் தவறு தெரியவில்லை. தாமதமாக வந்தால் பாதிப் பேர் கணினி திணறுகிறது என்றே நினைப்பார்கள்.

அடக்குவதிலேயே துணிச்சலான முறையை டைஸ் நிறுவனம் 2008-ல் வெளியிட்ட பேட்டில்ஃபீல்டு: பேட் கம்பெனியில் காணலாம். ஒவ்வொரு சத்தத்துக்கும் நிஜ உலக அளவையொட்டிய ஒரு டெசிபல் மதிப்பு. அந்தக் கணத்தில் உரக்க ஒலிப்பது எதுவோ அதை உச்சமாக வைத்து ஒரு சாளரம் திறக்கும்; எந்த அளவு வரையான சத்தங்கள் கேட்கலாம் என்ற எல்லை அது. சாளரத்துக்குக் கீழே விழுபவை கலவையிலேயே சேராது. அமைதியான புல்வெளியில் பூட்ஸ் சரசரப்பு தெளிவாகக் கேட்கும். டாங்கி சுட்டதும் சாளரம் மேலே ஏறி, சரசரப்பு மறையும். சற்று நேரத்தில் சாளரம் இறங்க, மெல்லிய சத்தங்கள் திரும்பும். வெடிச் சத்தத்தைக் கூட்டாமலேயே அது பயங்கரமாகத் தெரியும், ஏனென்றால் சுற்றியுள்ள எல்லாம் வழிவிட்டுவிட்டன.

ஆட்டக்காரரின் கையில் இருப்பது என்ன? முதலில் வால்யூம் ஸ்லைடர்கள். இசை, எஃபெக்ட், பேச்சு என்று தனித்தனி வாய்க்கால்கள் ஓடி முதன்மை வாய்க்காலில் கலப்பதால், ஒவ்வொன்றின் மதகையும் தனியே திருப்ப முடிகிறது. மைன்கிராஃப்ட் இன்னும் நுணுக்கமாகப் போய் வானிலை, கட்டைகள், பகை உயிரினங்கள், நட்பு உயிரினங்கள் என்றெல்லாம் பிரித்து வைத்திருக்கிறது. ஸ்லைடரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பாதியில் வைத்தால் அலையின் வீச்சைப் பாதியாக்குவது நிரலாளருக்கு எளிது. ஆனால் அது வெறும் 6 டெசிபல் குறைவு. சத்தம் பாதியானதுபோல் காதுக்குத் தோன்ற சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். அதனால்தான் சில கேம்களில் ஸ்லைடரை 100-லிருந்து 50-க்கு இழுத்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காமல், கடைசி பத்தில் எல்லாம் தடாலென்று இறங்கிவிடுகிறது. டெசிபல் கணக்கில் படி பிரித்த ஸ்லைடர் சீராக இறங்கும். இது தெரியாமல் இன்றும் கேம்கள் வெளிவருவது ஆச்சரியம்தான்.

அடுத்த நிலை, சத்தத்தையே மாற்றுவது. டூமில் எல்லா ஒலிகளும் 'வாட்' என்ற ஒரே பெரிய கோப்புக்குள் பெயரிட்டு அடுக்கப்பட்டிருந்தன. பெரும்பாலும் நொடிக்கு 11,025 சாம்பிள், 8 பிட், மோனோ (இடது வலது பிரியாத ஒற்றைத் தடம்). அதே பெயரில் உங்கள் ஒலியைத் தனி வாட் கோப்பில் வைத்து ஏற்றினால் கேம் அதையே எடுத்துக்கொள்ளும். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் ரிசோர்ஸ் பேக் என்ற மாற்றுக் கோப்புத் தொகுப்புக்குள் ஓஜிஜி வகை ஒலிக் கோப்புகளும், எந்த நிகழ்வுக்கு எந்தக் கோப்புகள் என்று சொல்லும், ஜேசன் வடிவில் எழுதிய பட்டியலும் இருக்கும். சுருதி, வால்யூம், குலுக்கலில் எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதையும் அதில் எழுதலாம். புதிதாக முயல்பவர்கள் இங்கே இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். பழைய பட்டியலை நீக்கு என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் உங்கள் ஒலி பழையவற்றோடு சேர்க்கப்படும். ஒருமுறை புதியது, ஒருமுறை பழையது என்று மாறி மாறிக் கேட்கும். இன்னொன்று, ஸ்டீரியோ கோப்பைப் போடுவது. இடது வலது இரண்டும் ஏற்கெனவே நிரம்பிய கோப்பை ஒலி அமைப்பு ஒரு புள்ளியில் நிறுத்தி வைக்காது. முதுகுக்குப் பின்னால் உறும வேண்டிய ஜந்து தலைக்குள்ளேயே உறுமும். மோனோவாக மாற்றினால் தீர்ந்தது.

சத்தம் கேட்காதவர்களுக்கான வசதியும் கோப்பை அழைக்காமல் நிகழ்வைச் சேதியாக அனுப்பும் இந்த முறையால்தான் சாத்தியமாகிறது. மைன்கிராஃப்டில் சப்டைட்டிலை இயக்கினால், ஒலித்த நிகழ்வின் பெயரும் அது வந்த பக்கத்தைக் காட்டும் அம்புக்குறியும் திரையோரம் தோன்றும். பார்வை குறைந்தவர்களுக்கு இது தலைகீழாக வேலை செய்யும்: 2020-ல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-ல் எதிரில் என்ன செய்யலாம் என்பதைத் தனித்தனிக் குறிப்பொலிகளால் தெரிந்துகொள்ளலாம்.

மாற்றிய சத்தத்தைச் சோதிக்கும்போது கேட்டு ரசிப்பதற்கு முன் அலை வடிவத்தின் தொடக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில், ஒலியை வெளியே அனுப்பும் முன் சேர்த்து வைக்கும் பஃபர் 512 சாம்பிள் என்றாலே ஏறக்குறைய 10.7 மில்லிநொடி தாமதம் கேமின் பக்கம் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் கோப்பின் தலையில் 80 மில்லிநொடி வெறுமை இருந்தால், 60 ஃபிரேம் ஆட்டத்தில் அது இன்னும் ஐந்து ஃபிரேம். வாள் பட்டு முடிந்த பிறகுதான் 'டங்' என்று கேட்கும். கை மந்தமாகிவிட்டதாக ஆட்டக்காரர் நினைப்பார். வெறுமையை வெட்டுங்கள், அலை சுழியை (பூஜ்யத்தை) கடக்கும் இடத்தில் வெட்டுங்கள். இல்லையென்றால் தொடக்கத்தில் 'டிக்' என்று ஒரு பிசிறு ஒட்டிக்கொள்ளும். எம்பி3-ஆகச் சேமிக்கும்போது தொடக்கத்தில் சிறிது வெறுமை தானாகவே சேர்ந்துவிடும் என்பதால், மழை, இயந்திர இரைச்சல் போலச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டியவற்றை அந்த வடிவில் வைக்காதீர்கள்.