பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது பிரேக்: எதை மாற்றினால் என்ன மாறும்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் என்ஜினுக்கு அடுத்தபடியாகக் கை வைக்கும் இடம் பிரேக். பெரிய டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு), ஆறு பிஸ்டன் காலிப்பர் (பிஸ்டன்கள் தள்ளும் உராய்வுக் கட்டைகளான பேடுகளால் அந்தத் தட்டை இருபுறமும் கவ்வும் பாகம்) என்று ஒரு கிட்டாக வாங்கி மாட்டிவிட்டால் வண்டி டக்கென்று நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். முதலில் ஒன்றைக் கவனியுங்கள். இப்போது இருக்கும் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்கிறதா, அல்லது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இறங்கி பெடல் காலுக்கடியில் படபடவென்று அதிர்கிறதா? ஆம் என்றால், டயரின் பிடிப்பை மீறும் அளவுக்கு பலம் பழைய பிரேக்கிலேயே இருக்கிறது. அதற்கு மேல் எத்தனை பிஸ்டன் சேர்த்தாலும் அந்த ஒரு முறை நிற்கும் தூரம் குறையாது. பிரேக் நிறுத்துவது சக்கரத்தைத்தான், வண்டியை நிறுத்துவது டயரும் தரையும். கணக்கு எளிது: 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம்) அளவுக்கு வேகம் குறைந்தால் சுமார் 39 மீட்டரில் நிற்கும். ரப்பர் இறுகிப்போன பழைய டயர் 0.8 ஜி வரைதான் தாங்கும் என்றால் அதே கார் 49 மீட்டர் போய் நிற்கும். அந்த 10 மீட்டரை மிச்சப்படுத்த வேண்டுமானால் முதல் செலவு டயருக்குத்தான்.

அப்புறம் எதற்குப் பெரிய பிரேக்? சூட்டுக்காக.

ஓடும் காரின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதுதான் பிரேக்கின் ஒரே வேலை. 1400 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் சுமக்கும் ஆற்றல் ஏறக்குறைய 540 கிலோஜூல், அதாவது ஒன்றரை லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அது அத்தனையும் மூன்று நான்கு வினாடிக்குள் டிஸ்க்குகளில் இறங்குகிறது. முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 7 கிலோ, 70 சதவீத வெப்பம் முன்னால் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை நிறுத்தும்போது டிஸ்க்கின் சூடு சுமார் 60 டிகிரி ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு, எனவே 200 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் 230 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். மலைப்பாதை இறக்கத்திலோ ரேஸ் டிராக்கிலோ அடுத்த வளைவு வருவதற்குள் அந்தச் சூடு ஆறுவதில்லை, மேலே மேலே சேர்ந்துகொண்டே போகும். பெரிய டிஸ்க்கில் இரும்பு அதிகம், காற்று படும் பரப்பும் அதிகம், அதனால் ஒவ்வொரு மிதிக்கும் ஏறும் சூடு குறைகிறது. பத்தாவது மிதியும் முதல் மிதி போலவே பிடிக்க வேண்டும், பெரிய பிரேக்குக்குக் கொடுக்கும் காசு அதற்குத்தான்.

டிரம் பிரேக் ஓரங்கட்டப்பட்டதும் இதே சூட்டால்தான். டிரம் சூடானால் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் உராய்வுக் கட்டையான ஷூவை விட்டு விலகிப்போகும், டிஸ்க்கோ தடித்து பேடை நோக்கியே வரும். 1953 லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக்கோடு வந்த ஜாகுவார் சி-டைப் ஜெயித்தது. 1955-ல் டிரம் பிரேக்கோடு அங்கே வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர், பிரேக்கின் சுமையைக் குறைப்பதற்காகவே முதுகில் காற்றைத் தடுக்கும் ஒரு பெரிய பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

சூடு மிஞ்சினால் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும், காலில் தெரிவதும் வேறுவேறு. பெடல் கல் மாதிரி இறுகி நிற்கிறது, ஆனால் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பொதபொதவென்று தரை வரைக்கும் இறங்குகிறது என்றால், மிதிக்கும் பலத்தைக் காலிப்பருக்குக் கடத்தும் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆயில் திரவமாக இருக்கும்வரை அமுங்காது, ஆவிக்குமிழ் அமுங்கும், ஆகவே காலின் பலம் குமிழை அமுக்குவதிலேயே போய்விடுகிறது. இது பயங்கரமானது, ஏனென்றால் பெரிதாக முன்னறிவிப்பு எதுவும் இருக்காது.

பழைய காரில் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் இந்த ஆயிலைத்தான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரவிதி, ஆனால் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே ஆயிலுக்கு 155 டிகிரி இருந்தாலே போதும். டாட் 5.1-க்கு இந்த எண்கள் 260, 180. பெயரில் டாட் 5 என்று மட்டும் இருப்பது சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது, ஏபிஎஸ் உள்ள காருக்கும் ஆகாது. காலிப்பரின் பின்னால் உள்ள பிளீடர் நிப்பிளில் (ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டி லேசாகத் திறந்து பாருங்கள். புது ஆயில் வெளிர் மஞ்சளாகத் தெளிவாக இருக்கும். பழுப்பேறிக் கலங்கலாக வந்தால் பல வருடமாக யாரும் மாற்றவில்லை என்று அர்த்தம். பிரேக் ஆயில் டேங்கில் தெளிவாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள், சூடு படும் இடம் காலிப்பர்தான்.

காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸையும் அப்படியே பார்த்துவிடலாம். இருபது முப்பது வருட ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள்சுவர் ஊதி வழியை அடைக்கலாம், அப்போது மிதித்த ஆயில் காலிப்பருக்குப் போகும், திரும்பி வர நேரமெடுக்கும், பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். ஸ்டீல் வலை சுற்றிய ஹோஸ் போட்டால் அழுத்தத்தில் விரிவது குறையும், பெடல் இறுக்கமாகத் தெரியும். நிற்கும் தூரம் குறையாது, ஆனால் எவ்வளவு மிதிக்கிறோம் என்பது காலுக்குத் துல்லியமாகப் புரியும், அதற்காகவே நான் இதைச் சிபாரிசு செய்வேன்.

பேட் விஷயத்தில் ஆசைப்பட வேண்டாம். ரேஸ் பேட் சூடானால்தான் பிடிக்கும், காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதும் வரும் முதல் சிக்னலில் அது கைகொடுக்காது. சாலையில் ஓடும் காருக்கு, குளிரிலும் பிடித்து கொஞ்சம் அதிகச் சூட்டையும் தாங்குகிற பேட்தான் சரி.

இனி காலிப்பர். பிஸ்டன் எண்ணிக்கையைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம், கணக்கில் வருவது பரப்பளவு. நகரும் வகை ஒற்றை பிஸ்டன் காலிப்பரில் 54 மி.மீ. பிஸ்டன் இருந்தால் பரப்பு சுமார் 2290 சதுர மி.மீ. ஆறு பிஸ்டன் காலிப்பரில் பக்கத்துக்கு மூன்றாக எதிரெதிரே இருப்பதால், ஒரு பக்கத்து மூன்றை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும்: 27, 32, 38 மி.மீ. என்றால் கூட்டினால் சுமார் 2510. ஆறு மடங்கெல்லாம் இல்லை, பத்து சதவீதம்தான் கூடுதல்! நல்ல பல பிஸ்டன் காலிப்பரின் லாபம் வேறு: உடல் விறைப்பாக இருக்கும், நீளமான பேடைச் சீராக அழுத்தும், பேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேயாது. பரப்பு மிக அதிகமாகிவிட்டால் தள்ள வேண்டிய ஆயிலும் அதிகம், பெடல் ஆழமாக இறங்கும். அதைச் சரிக்கட்ட மாஸ்டர் சிலிண்டரை (பெடல் மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பாகம்) பெரிதாக்கினால் பெடல் இறங்கும் தூரம் குறையும், ஆனால் பெடல் கனமாகவும் ஆகும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது முன்-பின் சமநிலையில். பிரேக் அடித்ததும் எடை முன்னால் சாய்கிறது. எடைமையம் அரை மீட்டர் உயரத்திலும், அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டரும் உள்ள காரில், 1 ஜி-யில் மொத்த எடையில் 20 சதவீதம் முன்னால் மாறும். நிற்கும்போது 55-45 ஆக இருந்தது 75-25 ஆகிவிடும். காரை வடிவமைத்தவர்கள் இதையொட்டித்தான் பிரேக்கைப் பிரித்திருப்பார்கள். முன்னால் மட்டும் பலத்தைக் கூட்டினால் முன் டயர் சீக்கிரம் எல்லையைத் தொட்டுவிடும், பின் டயர் தன் பங்கைச் செய்யாமலே இருக்கும், நிற்கும் தூரம் அதிகரிக்கவும் வாய்ப்புண்டு. பின்னால் கூட்டினால் இன்னும் மோசம்: பின் சக்கரம் முதலில் பூட்டினால் பக்கவாட்டுப் பிடிப்பு போய், வண்டி சுழன்று பின்பக்கம் முன்னால் வந்துவிடும். ஆகவே டிஸ்க்கின் விட்டத்தைக் கூட்டினால் பிஸ்டன் பரப்பை அதற்கேற்பக் குறைத்து, பழைய விகிதத்தைக் காப்பாற்றும் கிட் தான் நல்ல கிட். பெரிய டிஸ்க் உங்கள் சக்கரத்துக்குள் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள்.

புது பேட், டிஸ்க் போட்டதும் பதப்படுத்த வேண்டும். நடு வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தாமல் திரும்பத் திரும்ப வேகத்தைக் குறைத்து, பிறகு மிதிக்காமல் ஓட்டி ஆறவிட வேண்டும், அப்போதுதான் பேடின் மெல்லிய படலம் டிஸ்க் முழுக்கச் சீராகப் படியும். சூடான டிஸ்க்கில் பேடை அழுத்தியபடியே நின்றால் அந்த ஒரு இடத்தில் மட்டும் படலம் தடிக்கும். அப்புறம் பெடல் அதிரும்போது டிஸ்க் வளைந்துவிட்டது என்று பழி சொல்வோம்.

பெரிய கிட் உண்மையிலேயே தேவையா என்று தெரிய, டிஸ்க்கின் விளிம்பில் தடவும் வெப்பம் காட்டும் பெயிண்ட் கிடைக்கிறது. பச்சை 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560-ல், சிவப்பு 610-ல். நீங்கள் வழக்கமாக ஓட்டும் விதத்திலேயே ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பச்சைகூட மாறவில்லையென்றால் புது ஆயில், ஹோஸ், நல்ல பேட் போதும். மூன்றும் மாறியிருந்தால் பெரிய டிஸ்க்குக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம்.