‘உயரடுக்குப் படை’ எந்தப் படை? எலைட் என்ற சொல்லுக்கு உரிய தமிழ்

பிரேசில் இயக்குநர் ஜோசே பாதில்யாவின் 2007ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘ட்ரோப்பா ஜி எலீச்சி’யை, அதாவது ஆங்கிலத்தில் ‘எலைட் ஸ்குவாட்’ என்று அறியப்படும் படத்தை, ‘உயரடுக்குப் படை’ என்று தமிழில் குறிப்பதை இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இந்தச் சொற்றொடர் அந்தப் படத்தைப் பிழையாக அறிமுகப்படுத்துவதோடு நிற்கவில்லை. படம் எதை எதிர்த்துக் குமுறுகிறதோ அதையே அதன் பெயராகச் சூட்டிவிடுகிறது.

‘எலைட்’ என்ற சொல்லின் வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘எலிகெரே’ என்ற இலத்தீன் வினைக்குப் பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் என்று பொருள். அதிலிருந்து பிரெஞ்சு மொழியில் ‘எலீர்’ என்ற வினையும், தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற பொருளில் ‘எலீத்’ என்ற பெயரும் பிறந்தன. போர்த்துகீசியமும் ஆங்கிலமும் பிரெஞ்சிடமிருந்து அதைப் பெற்றுக்கொண்டன. ‘எலெக்‌ஷன்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது. ஆகவே சொல்லின் அடிப்படைப் பொருள் தேர்வு; உயரம் அதில் இல்லை, அடுக்கும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் செல்வமும் செல்வாக்கும் பெற்றவர்களாகவே இருப்பார்கள் என்ற எண்ணம் சேர்ந்த பிறகுதான், சமுதாயத்தின் மேல்தட்டினரைக் குறிக்கும் பொருள் கிளைத்தது.

இந்தக் கிளைப்பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு வந்ததுதான் ‘உயரடுக்கு’. அடுக்கு என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் நிலை. ‘உயரடுக்கினர்’ என்று படிக்கும் தமிழ் வாசகர் வசதி படைத்த குடும்பங்களையும் பெரிய பதவிகளையும் எண்ணுவாரே தவிர, கடும் பயிற்சியில் தேறிய காவலரை எண்ணமாட்டார். படத்திலோ அந்த வசதி படைத்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். ரியோ டி ஜெனீரோவின் சிறப்புக் காவல் நடவடிக்கைப் படையணியான ‘போப்பி’யில் கேப்டனாக இருக்கும் நாசிமெந்து தன் குரலிலேயே கதையைச் சொல்கிறார். 1997இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் ரியோவுக்கு வரவிருக்கும் நேரத்தில், அவர் தங்கவிருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள ஃபவேலா என்னும் சேரிக் குடியிருப்பை ‘அமைதிப்படுத்தும்’ வேலை அவருடைய அணியின் தலையில் விழுகிறது. அவருடைய கோபத்தில் பெரும்பங்கு, கஞ்சா வாங்கிப் புகைத்துக்கொண்டே காவலர்களின் வன்முறையைப் பற்றி வகுப்பறையில் விவாதிக்கும் வசதியான வீட்டு மாணவர்கள் மீது பாய்கிறது. போதைப்பொருள் கும்பலின் துப்பாக்கிகளுக்கு அவர்கள் கொடுக்கும் பணமே விலையாகிறது என்பது அவர் வாதம். அந்த வாதம் சரியா என்பது வேறு விவாதம். ஆனால் படத்துக்குள் ‘உயரடுக்கு’ என்று யாரையாவது சொல்லலாம் என்றால் அது அந்த மாணவர்களைத்தான். அவர்களுடைய பெயரை நாசிமெந்துவின் படைக்குச் சூட்டுவது கதையைத் தலைகீழாக நிறுத்துவதாகும்.

படத்தின் பின்னணியும் இதையே உறுதிசெய்கிறது. அதே படையணியில் கேப்டனாகப் பணியாற்றி விலகிய ரொத்ரிகோ பிமெந்தெல், மற்றொரு காவல் அதிகாரியான ஆந்த்ரே பத்திஸ்தா, மானிடவியலாளர் லூயிஸ் எதுவார்தோ சோரெஸ் ஆகிய மூவரும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட நூலை ஒட்டியே படம் உருவானது. திரைக்கதையிலும் பிமெந்தெலுக்குப் பங்கு உண்டு. உள்ளே இருந்தவர் சொன்ன கதை என்பதால்தான் ஆள்தேர்வுப் பயிற்சிக் காட்சிகள் அவ்வளவு கடுமையாக அமைந்திருக்கின்றன. சேர வந்தவர்களை இழிவுபடுத்தி, உறங்கவிடாமல் அலைக்கழித்து, ‘விலகிக்கொள்கிறேன் என்று சொல்’ என்று முகத்துக்கு நேரே கத்தி, பெரும்பாலோரை வெளியேற்றிவிட்டு எஞ்சிய சிலரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த வடிகட்டல்தான் தலைப்பில் உள்ள ‘எலீச்சி’. அந்தத் தேர்வு முறை மனிதரை எப்படி உருக்குலைக்கிறது என்பதும் படத்தின் பொருள்தான். தலைப்பிலிருந்து தேர்வு என்ற கருத்தை எடுத்துவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

இதற்குத் தமிழில் சொல் இல்லையா என்றால், ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘தெரிந்த’ என்ற அடையோடு படைப்பிரிவுகளின் பெயர்கள் வருகின்றன. ‘தெரிந்த வலங்கை வேளைக்காரப் படைகள்’ என்றும், பிற சோழர் கல்வெட்டுகளில் ‘தெரிஞ்ச கைக்கோளர்’ என்றும் காண்கிறோம். இங்கே தெரிதல் என்பதற்கு அறிதல் என்று பொருள் கொள்ளக்கூடாது. ஆராய்ந்து தேர்தல் என்பதே பொருள். ‘திறந்தெரிந்து தேறப் படும்’ என்று வள்ளுவர் பணிக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்லும்போதும் இந்த வினையே வருகிறது. இன்று ‘தெரிந்த படை’ என்றால் அறிமுகமான படை என்று பொருள்பட்டுவிடும் என்பதால் அதை அப்படியே மீட்டெடுக்கச் சொல்லமாட்டேன். ‘தேர்ந்த படை’ என்பது போதும். எலைட்டும் எலெக்‌ஷனும் ஒரே வேரில் பிறந்ததுபோலவே ‘தேர்ந்த’ என்பதும் ‘தேர்தல்’ என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. சுருக்கம் வேண்டும் என்று ‘தேர்படை’ எனலாமா என்றால், ஒரு பகர ஒற்று கூடினாலே அது தேர் ஏறிப் போரிடும் ‘தேர்ப்படை’ ஆகிவிடும், வேண்டாம். ‘அதிரடிப்படை’ என்பது மக்களுக்குப் பழகிய நல்ல சொல், படையணியின் வேலையைச் சொல்ல அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம், ஆனால் அது தாக்கும் முறையைக் குறிக்கிறதே அல்லாமல் ஆள் எடுக்கும் முறையைக் குறிக்கவில்லை. மேல்தட்டினரைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘மேல்தட்டு’, ‘மேட்டுக்குடி’ ஆகியவை ஏற்கெனவே உயிரோடு இருப்பதால் அங்கும் ‘உயரடுக்கு’ தேவைப்படவில்லை.

எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லை ஒட்டிவிடும் இந்தப் பழக்கம் இந்த ஒரு சொல்லோடு முடிவதில்லை. அதே படத்தைப் பற்றி எழுதும்போது ‘பொலீசியா மிலிதார்’ என்பதை ‘இராணுவ போலீஸ்’ என்கிறார்கள். தமிழில் இராணுவ போலீஸ் என்றால் படைவீரர்களிடையே ஒழுங்கைக் காக்கும் பிரிவு. பிரேசிலில் அந்தப் பெயர் தாங்கியவர்கள் மாநில ஆளுநரின் கீழ் இயங்கி, சீருடையில் தெருக்களைச் சுற்றிவரும் காவலர்கள். குற்றங்களைப் புலனாய்வு செய்வது ‘பொலீசியா சிவில்’ என்ற தனி அமைப்பு. ‘போப்பி’ முதலாவது அமைப்பைச் சேர்ந்தது. எனவே ‘பொலீசியா மிலிதார்’ என்பதைச் ‘சீருடைக் காவல்துறை’ என்று எழுதி, அது படைத்துறை ஒழுங்கில் அமைந்தது என்று ஒரு வாக்கியத்தில் விளக்கினால், நாசிமெந்து யாருக்குக் கீழ் வேலை செய்கிறார் என்ற குழப்பம் வாசகருக்கு வராது.