பிலொக்செனியா: உபசாரமா, விருந்தோம்பலா?

விவிலியத்தின் எபிரெயர் நிருபம் 13-ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்கள் தமிழில் தனித்தனி அறிவுரைகளாகத் தெரியும்: சகோதர சிநேகம் நிலைத்திருக்கட்டும், அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள். கிரேக்க மூலத்தில் இவை ஒரே வார்ப்பில் வந்த இரு சொற்கள்: பிலதெல்பியா, பிலொக்செனியா. 'பில' என்பது அன்பு, 'அதெல்போஸ்' உடன்பிறந்தவன், 'க்செனோஸ்' அயலான். உடன்பிறந்தான் மேல் வைக்கும் அன்பை அயலான் மேலும் வை என்பதே அங்குள்ள சொல்விளையாட்டு. 'உபசரித்தல்' என்றதும் செயல் தங்குகிறது, அன்பு நழுவிவிடுகிறது. உபசாரத்தை முணுமுணுத்துக்கொண்டே செய்ய முடியுமே! 1 பேதுரு 4:9 'முறுமுறுப்பில்லாமல்' என்று சேர்த்துச் சொல்வது சும்மா அல்ல.

க்செனோஸ் இருமுனைச் சொல். மத்தேயு 25:35-இல் 'அந்நியனாயிருந்தேன்' என்பதும் அதுதான். ரோமர் 16:23-இல் பவுலுக்கு இடங்கொடுத்த காயுவைக் குறிப்பதும் அதுதான். வந்தவனுக்கும் வரவேற்றவனுக்கும் ஒரே பெயர்.

பிலொக்செனியாவுக்குத் தமிழில் நேர்ச்சொல் விருந்தோம்பல். 'விருந்து' என்றால் முதலில் புதுமை. தொல்காப்பியம் புதுவகை யாப்பையே 'விருந்து' என்கிறது. பிறகு புதிதாய் வந்தவர், அதன்பின் அவருக்கு இடும் உணவு என்று பொருள் நகர்ந்தது. ஓம்புதல் என்பது பேணிக் காத்தல்; அதில் பரிவும் அடங்கும். சிக்கல் என்னவென்றால், இன்று விருந்து என்றதும் அழைத்து வந்த உறவினரும் இலையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆகவே 'அயலாரை விருந்தோம்பல்' என்று ஒரு சொல் கூட்டி எழுதுவது நல்லது.

பழைய ஏற்பாட்டில் குழப்பம் வேறு வகை. எபிரெயத்தில் 'கேர்' என்பவன் வந்து குடியிருப்பவன். 'நோக்ரி' என்பவன் வெளிநாட்டான். உபாகமம் 14:21 இருவரையும் பிரிக்கிறது: தானாய்ச் செத்த விலங்கை கேருக்குக் கொடுக்கலாம், நோக்ரிக்கு விற்கலாம். வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டும் (உபாகமம் 24:19) கேருக்கு உரியது, அநாதையோடும் விதவையோடும் சேர்த்து. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கேரை லேவியராகமம் 19:10-இல் 'பரதேசி' என்கிறது, யாத்திராகமம் 22:21-இல் 'அந்நியன்' என்கிறது. பரதேசி என்றால் பிறதேசத்தவன்தான். ஆனால் இன்று அது வசை. 'வந்தேறி'யும் அப்படியே கெட்டுவிட்டது. 'குடியேறி வாழ்பவர்' என்பது நீளமானாலும் பொருள் பிசகாது.