குதிரைமசாலும் வறட்சியும்: ஒரு தீவன ரகம் உருவாகும் விதம்

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஜனவரி முதல் மே வரை பெய்வது மிகச் சொற்பம். மாதவரம், செங்குன்றம், பூந்தமல்லிப் பக்கங்களில் மாடு வைத்துப் பால் கறப்பவர்கள் சித்திரை, வைகாசியில் பசுந்தீவனத்துக்குப் படும் பாட்டுக்கு இந்த மழைக் கணக்கே மூல காரணம். வைக்கோல் மாட்டின் வயிற்றை நிரப்பும்; பாலுக்கு வேண்டிய புரதத்தைத் தராது. புரதம் மிகுந்த பயறுவகைத் தீவனங்களில் உலகெங்கும் முதலிடம் பெற்றது குதிரைமசால். அதன் உலர் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகத்தை விதைத்த 75 முதல் 80 நாட்களில் முதல் அறுவடை செய்யலாம். பிறகு 25 முதல் 30 நாட்களுக்கு ஒருமுறை, அடித்தூரிலிருந்து தழைத்து வரும் தழையை அறுத்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் இவையெல்லாம் பாசன வசதி உள்ள நிலத்துக்கான கணக்குகள். தண்ணீர் குறைந்த நிலத்துக்கென்று இப்பயிரில் ரகம் உருவாக்குவது ஏன் இவ்வளவு கடினமானது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

குதிரைமசாலின் பூர்வீகம் ஈரானும் காக்கசஸ் மலைப்பகுதியும். பண்டைய ஈரானின் மீடியா என்ற நாட்டிலிருந்து கிரேக்கத்துக்கு வந்த செடி என்பதால் அதன் பேரினத்துக்கு மெடிகாகோ என்ற பெயர் நிலைத்தது. பழங்காலப் படைகளின் குதிரைகளுக்கு இதுவே சிறந்த தீனி. நம் மொழிப் பெயரிலும் குதிரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. குளிர்காலமும் வறண்ட கோடையும் மாறி மாறி வரும் அந்நிலத்தில் தோன்றியதால், வறட்சியைத் தாங்கும் பயிர் என்று இதற்குப் பெயர் உண்டு. அதே சமயம், தண்ணீரை மிகுதியாகக் குடிக்கும் பயிர் என்ற பழியும் உண்டு. இரண்டும் உண்மை என்பதுதான் இப்பயிரைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல்.

பழிச்சொல்லை முதலில் பார்ப்போம். 1910-களில் லைமன் பிரிக்ஸ், ஹோமர் ஷாண்ட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கொலராடோ மாநிலத்தின் அக்ரான் என்னும் வறண்ட ஊரில், ஒரு கிலோ உலர் பொருளை உண்டாக்க ஒவ்வொரு பயிரும் எத்தனை கிலோ தண்ணீரை ஆவியாக வெளியேற்றுகிறது என்று நிறுத்துப் பார்த்தார்கள். சோளத்துக்கு ஏறத்தாழ 300 கிலோ தேவைப்பட்டது; குதிரைமசாலுக்கு 800 கிலோவுக்கும் மேல். இலையின் அடிப்படை அமைப்பே இதற்குக் காரணம். கரியமில வாயுவை உள்ளே எடுக்க இலைத்துளை திறக்க வேண்டும். திறந்த துளை வழியே நீராவி வெளியேறுவதைத் தடுக்க முடியாது. சோளம் உள்ளே வந்த வாயுவைச் செறிவாக்கிப் பயன்படுத்தும் தனி ஏற்பாட்டைப் பெற்றிருப்பதால் துளைகளைக் குறைவாகத் திறந்தே சமாளித்துவிடும். அந்த ஏற்பாடு குதிரைமசாலுக்கு இல்லை. ஆகவே தழை விளைச்சலும் செலவாகும் தண்ணீரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. தண்ணீரைப் பாதியாக்கிவிட்டு விளைச்சல் மட்டும் குறையாமல் இருக்க வேண்டும் என்று எந்த ரகத்திடமும் எதிர்பார்க்க முடியாது.

இனி நற்பெயரின் காரணம். நல்ல ஆழமான மண்ணில் இதன் ஆணிவேர் இரண்டு மூன்று மீட்டரையும் தாண்டி இறங்கும். மேல்மண் காய்ந்த பிறகும் அடிமண்ணின் ஈரத்தை அது எடுத்துக்கொள்கிறது. அந்த ஈரமும் தீர்ந்தால் செடி வளர்ச்சியை நிறுத்திவிடும், இலைகள் உதிரும், பார்ப்பவருக்குச் செத்ததாகவே தோன்றும். ஆனால் மண்ணோடு ஒட்டிய அடித்தூரில் மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும். தடித்த ஆணிவேரில் மாவுச்சத்தும் புரதமும் சேமிப்பாக இருக்கும். மழை வந்ததும் அந்தச் சேமிப்பைச் செலவழித்துப் புதுத் தழை கிளம்பும்.

இங்குதான் வறட்சிக்கு ரகம் தேடுபவர் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. வறட்சியில் பிழைத்திருப்பது ஒரு குணம். வறட்சியிலும் தழை தந்துகொண்டிருப்பது வேறு குணம். சீக்கிரமே உறங்கிவிடும் செடி பிழைக்கும், ஆனால் உறங்கும் நாட்களில் மாட்டுக்கு எதுவும் தராது. கடைசித் துளி வரை குடித்து வளரும் செடி ஓரிரு அறுவடை கூடுதலாகத் தரும். வறட்சி நீண்டால் சேமிப்பின்றிச் சாகும். எனவே, வறட்சியைத் தாங்கும் ரகம் என்று பொதுவாகச் சொல்வது போதாது என்பது என் உறுதியான எண்ணம். எத்தனை வார வறட்சி, ஆண்டின் எப்பகுதியில், மண்ணின் எந்த ஆழம் வரை என்று சொன்னால்தான் அச்சொல்லுக்குப் பொருள் உண்டாகும்.

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடும் செடிகளை அடையாளம் காண ஓர் அழகான வழி உண்டு. காற்றிலுள்ள கார்பனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, சற்றுக் கனமான கார்பன் 13. இலை சாதாரண கார்பனையே விரும்பி எடுக்கும். கனமானதை இயன்றவரை ஒதுக்கும். இலைத்துளைகள் தாராளமாகத் திறந்திருக்கும்போது இப்படித் தேர்ந்தெடுக்க இடமுண்டு. துளைகள் குறுகி உள்ளே வாயு அரிதாகும்போது கிடைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதாகிறது. இலையில் கார்பன் 13-இன் பங்கு கூடுகிறது. ஆகவே ஓர் இலையைக் காயவைத்து அளந்தால், அது உருவான காலம் முழுவதும் அச்செடி துளைகளை எப்படி நடத்தியது என்ற பதிவு கிடைத்துவிடும். இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை: துளைகளை இறுக மூடிச் சிக்கனம் காட்டும் செடி பல நேரம் வளர்ச்சியிலும் பின்தங்கியிருக்கும். அதனால் இந்த அளவை எடை அளவோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

நல்ல செடியைக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்குகிறது. நமக்கு ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. குதிரைமசாலுக்கு நான்கு பிரதிகள், மொத்தம் 32 குரோமோசோம்கள். ஒரு விரும்பத்தக்க குணம், அதற்குரிய மரபணு எல்லாப் பிரதிகளிலும் ஒரே வடிவில் இருந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு குணம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிரதி கொண்ட பயிரில், கலப்பு வடிவச் செடியைத் தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்தால் நான்கு கன்றுகளில் ஒன்றில் அந்தக் குணம் தென்படும். நான்கு பிரதிகளில் இரண்டு மட்டும் அவ்வடிவில் உள்ள குதிரைமசாலில் 36 கன்றுகளுக்கு ஒன்றில்தான் தென்படும். வறட்சியைத் தாங்கும் திறனோ ஒரே மரபணுவால் அமைவதன்று; சிறுசிறு பங்களிப்புச் செய்யும் பல மரபணுக்கள் கூடி அமைப்பது. நெல்லில் செய்வதுபோலத் தலைமுறை தலைமுறையாகத் தன்மகரந்தச் சேர்க்கை செய்து தூய வரிசையை உண்டாக்கலாம் என்றால் அதுவும் நடவாது. ஓரிரு தலைமுறைக்குள்ளேயே செடிகள் வீரியம் இழந்து நோஞ்சானாகிவிடும்.

எனவே இங்கே தனிச்செடியைவிட ஒரு கூட்டத்தையே செம்மைப்படுத்துகிறார்கள். ஆயிரக்கணக்கான செடிகளைக் காயும் நிலத்தில் வளர்த்து, தேறியவற்றில் சில பத்துச் செடிகளைப் பொறுக்கி, அவற்றைத் தனிமைப்படுத்தித் தங்களுக்குள் கலக்க விடுவார்கள். அதில் விளைந்த விதையை விதைத்து மறுபடியும் பொறுக்குவார்கள். பல சுற்றுகளுக்குப் பின் கிடைக்கும் விதைத்தொகுதியே ரகம் என்ற பெயரில் வெளிவருகிறது. அந்த வயலில் நிற்கும் எந்த இரண்டு செடிகளும் மரபில் ஒன்றாக இரா. கூட்டத்தின் சராசரியே நகர்ந்திருக்கும். கலப்பை நடத்துவது தேனீ. குதிரைமசால் பூவின் மகரந்தத் தண்டு, இழுத்துக் கட்டிய வில்போல அடியிதழுக்குள் அடங்கியிருக்கும். தேனீ அழுத்தியதும் விடுபட்டு அதன் தலையில் மோதும். இந்த அடிக்கு அஞ்சும் சாதாரணத் தேனீக்கள் பூவின் பக்கவாட்டில் நாக்கை நுழைத்துத் தேனை மட்டும் எடுக்கக் கற்றுக்கொண்டுவிடுகின்றன. ஆகையால் வட அமெரிக்காவில் விதை உற்பத்திக்கு இலைவெட்டித் தேனீக்களை வளர்த்து வயலில் விடுகிறார்கள்.

வறட்சிக் குணத்துக்கான மூலவளமாக நெடுங்காலம் நம்பப்பட்டுவருவது மஞ்சள் பூப் பூக்கும் நெருங்கிய உறவினமான ஃபல்காட்டா. தெற்கு டகோட்டாவைச் சேர்ந்த நீல்ஸ் ஹான்சன் 1897 முதல் பலமுறை ரஷ்யப் பேரரசுக்குள் பயணம் செய்து, சைபீரியப் புல்வெளிகளில் வளர்ந்த அதன் விதைகளை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். அது கடுங்குளிரையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் அறுத்த பின் தழைப்பது மந்தம். ஊதாப் பூப் பூக்கும் சாதாரணக் குதிரைமசாலின் வேகத்தையும் இதன் பிழைப்புத் திறனையும் ஒன்றுசேர்ப்பதே பல கலப்புகளின் நோக்கம். இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று விலக்குவதால் வெற்றி மெதுவாகவே வருகிறது. மரபணு ஆய்வு இப்போது இந்தப் பாதையைச் சற்றுச் சுருக்குகிறது: நான்கு பிரதிகளையும் பிரித்துக் காட்டும் குதிரைமசால் மரபணுத்தொகுதி 2020-இல் வெளியானது; கன்றுப் பருவத்திலேயே இலைத்துணுக்கைச் சோதித்துத் தேர்வதற்கு அது துணை. 2005-இல் ஓக்லஹோமாவின் நோபிள் அறக்கட்டளை ஆய்வாளர்கள், இலையின் மேல் மெழுகுப் பூச்சைத் தடிக்கச் செய்யும் ஒரு மரபணுவைப் புகுத்தி வறட்சியைத் தாங்கும் செடிகளைக் காட்டினார்கள்.

இருந்தாலும் தீர்ப்பு வயலில்தான் கிடைக்கும். தொட்டியில் வளர்த்துச் செய்யும் சோதனை, ஆணிவேர் என்ற முக்கியமான ஆயுதத்தையே செடியிடமிருந்து பறித்துவிடுகிறது. வயலின் நடுவே ஒரே வரிசையில் தெளிப்பான்களை நிறுத்தினால், அருகில் நிறையவும் விலக விலகக் குறைவாகவும் தண்ணீர் விழும். ஒரே நிலத்தில் செழிப்பு முதல் வறட்சி வரை எல்லாப் படிகளும் அமைந்துவிடும். குதிரைமசாலின் தண்டுத் துண்டு வேர்விடும் என்பதால், ஒரே செடியின் பிரதிகளை எல்லாப் படிகளிலும் நட்டு ஒப்பிடலாம்.

சென்னைச் சுற்றுப்புறத்துக்கு இதை யோசிக்கும்போது கணக்கில் இன்னொரு புள்ளி சேர்கிறது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய இதே நகரத்தில், 2019 ஜூனில் குடிநீர் ஏரிகள் ஏறக்குறைய முற்றிலும் வறண்டன. குதிரைமசாலின் வேர் தேங்கிய நீரில் மூச்சுத் திணறும்; அழுகல் நோய்க்கும் இடம் கொடுக்கும். இப்பகுதிக் களிமண்ணில் நவம்பர் நீரும் மே வெயிலும் ஒரே செடியின் ஆயுளுக்குள் வந்துபோகும். மானாவாரி நிலத்துக்கு வேலிமசால், முயல்மசால் என்ற வேறு பயறுவகைத் தீவனங்கள் பரிந்துரைக்கப்படுவது இதனால் பொருத்தமானதே. குதிரைமசாலையே இங்கு கொண்டுவர விரும்பும் ஒருவர், முதல் ஆண்டுத் தழை எடையை மட்டும் நம்பக் கூடாது. விதைத்த வரிசைகளில் செடிகளை எண்ணிக் குறித்துவைத்து, இரண்டு வடகிழக்குப் பருவங்களும் இரண்டு கோடைகளும் கழிந்தபின், மூன்றாம் ஆண்டின் முதல் மழைக்குப் பத்து நாள் பொறுத்து, எத்தனை அடித்தூர்களில் பச்சை தெரிகிறது என்று மறுபடி எண்ண வேண்டும். அடுத்த சுற்றுக்கு விதை எடுக்க வேண்டியது அவற்றிலிருந்துதான்.