தகர நிழலும் வேம்பு நிழலும்

“பஸ் தரிப்பிடத்தின் தகரக் கூரையும் வெயிலை மறைக்கிறது, பக்கத்து வேம்பும் மறைக்கிறது. பிறகேன் எல்லோரும் வேம்பின் கீழே போய் நிற்கிறார்கள்?” கல்லடியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாய் வீசும் இந்த நாட்களில் மட்டக்களப்பில் கேட்க வேண்டிய கேள்விதான்.

தகரம் வெயிலில் காய்ந்து, அந்தச் சூட்டைச் செங்கீழ்க் கதிர்களாக நம் தலைமேல் இறக்குகிறது. இலையிலும் அதே வெயில்தான் விழுகிறது. ஆனால் இலை அதில் பெரும்பங்கை நீரை ஆவியாக்கச் செலவிட்டுவிடுகிறது. ஒரு லீற்றர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 இலட்சம் யூல் வெப்பம் வேண்டும். 1,000 வாற்று மின்கேத்தல் 40 நிமிடம் ஓடினால் வெளிவிடும் வெப்பம் அது.

ஆவி வெளியேறும் வாசல் இலைவாய். பெரும்பாலான மரங்களில் இலையின் அடிப்பக்கத்தில், ஒரு சதுர மில்லிமீற்றருக்கு நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரு பக்கத்திலும் இரண்டு காவற்கலங்கள். விடிந்து நீல ஒளி பட்டதும் அவை பொற்றாசியம் அயன்களை உள்ளே இழுக்கின்றன, பின்னாலேயே நீரும் புகுகிறது, கலங்கள் புடைக்கின்றன. புடைத்த கலம் வாயை அடைத்துவிட வேண்டும் அல்லவா? அடைப்பதில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது. கலச்சுவரைச் சுற்றிச் செலுலோசு இழைகள் வளையம் வளையமாக ஓடுவதால் கலம் பருக்க முடியாது, நீளத்தான் முடியும். நுனிகளோ இணைக்கலத்தின் நுனிகளோடு ஒட்டியிருக்கின்றன. வேறு வழியின்றி வெளிப்புறமாக வளைகிறது. இரண்டும் எதிரெதிரே வளைய, நடுவில் வாய் திறக்கிறது. நரம்பும் இல்லை, தசையும் இல்லை. இழை ஓடும் திசை ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது!

மண் வறண்டால் மரத்தில் அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் பெருகும். அயன்கள் வெளியேறும், கலங்கள் தளரும், வாய் மூடும். மரம் உயிரைக் காத்துக்கொள்ளும். நமக்கு வெறும் நிழல்தான் மிஞ்சும், குளிர்ச்சி கிடைக்காது. நகரத்தில் மரத்தடியை ஒட்டிக் கொங்கிறீட் போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். மழைநீர் வேருக்கு இறங்காமல் கானுக்குள் ஓடிவிடுகிறது. வேர் சுவாசிக்கக் காற்றும் இல்லை. மரத்தைச் சுற்றி நாலு அடி மண்ணை வெறுமனே விட்டால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. உலகச் சுற்றாடல் தினமென்று ஜூன் 5 இல் கன்று நடுகிறோம். கிழக்கில் அது வறண்ட காலம். வேர் ஊன்றாத கன்று நீருக்கு எங்கே போகும்? மாரிமழை தொடங்கும்போது நட்டால் தை வரை மழையே ஊற்றிக்கொள்ளும், அடுத்த கச்சானுக்கு முன் வேரும் ஆழம் போயிருக்கும். விழாவை ஜூனில் வைத்துக்கொள்ளட்டும். நடுகையை ஒக்டோபர் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும்.