மரமல்லி வைப்பவர்கள் புயலையும் கணக்கில் கொள்ள வேண்டும்

ஐப்பசி மழையோடு மொட்டுவிட்டு, மார்கழிப் பனி வரை இரவெல்லாம் மணந்து, விடியலில் நீண்ட வெண்பூக்களை வாசல் முழுதும் உதிர்க்கும் மரமல்லியைத் தோட்டத்தில் வைக்க விரும்புவோர் ஆண்டுதோறும் ஆலோசனைக்கு வருகிறார்கள். பசுமை மாறாமல் விரைந்து உயரும் இம்மரத்தை நானும் விருப்பத்தோடு பரிந்துரைக்கிறேன்; ஆனால் அது பூக்கும் பருவமும் நம் கடலோரத்தைப் புயல் தாக்கும் பருவமும் ஒன்றே என்பதைச் சொன்ன பிறகே இடம் பார்க்கத் தொடங்குகிறேன். 2011 டிசம்பரின் தானே, 2016 டிசம்பரின் வர்தா, 2018 நவம்பரின் கஜா ஆகிய மூன்றும் அந்த மாதங்களில் வந்தவையே.

மரமல்லியின் கட்டை எளிதில் முறியக்கூடியது. மழையில் மண் இளகி, ஈரத்தாலும் பூங்கொத்துகளாலும் கிளைநுனிகள் கனத்திருக்கும் நேரத்தில் பலத்த காற்று வீசினால், கிளை முறிவதும் சில இடங்களில் மரமே வேரோடு சாய்வதும் நேர்கின்றன. நல்ல மண்ணில் 60 அடிக்கு மேலும் வளரும் மரம் என்பதால், வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 25 அடியாவது விலக்கி, மின்கம்பிக்கும் வாகனம் நிறுத்தும் இடத்துக்கும் அப்பால் நட வேண்டும் என்பது என் கருத்து. அரை கிரவுண்டு மனையில் இதற்கு வழியில்லை. மணம்தான் வேண்டுமென்றால், அங்கே பவழமல்லியே பொருத்தமானது.

நட்ட முதல் சில ஆண்டுகளில்தான் மரத்தின் பிற்கால உறுதி முடிவாகிறது. ஒரே நடுத்தண்டு நேராக உயரும்படி விட்டு, அதற்குச் சமமான பருமனில் போட்டியிட்டு வளரும் இன்னொரு தண்டை இளமையிலேயே நீக்கிவிட வேண்டும்; இல்லையெனில் அந்தக் கவட்டையே பின்னாளில் பிளக்கும் இடமாகிவிடும். வேகமாக வளரட்டும் என்று யூரியாவை அள்ளிப் போடுவதும் தவறு. மக்கிய தொழுவுரமும், வேர் ஆழம் தேடிச் செல்லும்படி இடைவெளி விட்டு நிறையப் பாய்ச்சும் தண்ணீரும் போதும்.

வளர்ந்த மரத்துக்குக் கவாத்து செய்ய வேண்டிய காலம், பூப்பு முடிந்த தை, மாசி மாதங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஆளைப் பிடித்து உச்சியை மொட்டையடிக்கும் பழக்கத்தை, வீட்டு உரிமையாளர்கள் தயவுசெய்து கைவிட வேண்டும். அவ்வாண்டுப் பூ போவது மட்டுமல்ல, வெட்டுவாயில் கொத்தாகத் துளிர்க்கும் புதுக்கிளைகள் பட்டையோரத்தில் மட்டுமே பிடிப்புக் கொண்டவையாதலால், அடுத்த காற்றில் முதலில் முறிபவையும் அவையே. காய்ந்த கிளைகளையும், ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் அடியோடு எடுத்து, காற்று உள்ளே புகுந்து போகும்படி தழையைக் கலைத்துவிடுவதே சரியான முறை.

வேரிலிருந்து தள்ளித் தள்ளி முளைக்கும் பக்கக் கன்றுகள் இம்மரத்தின் இயல்பு. அவற்றைக் கண்ட உடனே, இளசாக இருக்கும்போதே நீக்க வேண்டும். மண்வெட்டியால் ஆழக் கொத்தினால் வேர் காயப்பட்டு, அந்த இடத்திலிருந்து மேலும் பல கன்றுகள் கிளம்பும்.